தலைகீழாகப் புறப்பட்ட மூன்று நாட்டுப் பயணம்

தை மாதத்து ஒரு திங்கட்கிழமை. காலை ஆறரை மணிக்குக் காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் சென்னை பஸ்ஸில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இரட்டை இருக்கையைப் பிடித்தோம். நானும் என் மனைவி தனமும். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. என் கையில் சுருட்டிய தாள் ஒன்று இருந்தது. அதைக் கசங்காமல் கொண்டுபோவதற்காக நான் பட்ட பாட்டைப் பார்த்துத் தனம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

டிக்கெட் போட வந்த கண்டக்டருக்கும் தாள்மேல் கண் போயிற்று.

"இன்னா சார் அது, முந்தானை டிசைனா?"

"இல்லப்பா. சிங்கப்பூருக்குப் போற வழி."

"இந்த பஸ்ஸு பூந்தமல்லி வழியாதான் போவுது. அது வரைக்கும் உங்க படத்துல இருக்குதா பாருங்க" என்று சொல்லி, ஆளுக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

கண்டக்டர் கேட்டதில் தப்பில்லை. பிள்ளையார்பாளையத்தில் பட்டுப் புடவைகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். கட்டம் கட்டமாக அச்சடித்த தாளில் யாளியோ அன்னமோ ருத்திராட்சமோ வரைந்து கொடுத்தால், நெய்கிறவர்கள் கட்டத்தை எண்ணி இழையை எடுப்பார்கள். மற்றவர்கள் வரைபடத்தை விரித்து வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் போடுவார்கள். எனக்குக் கை போனது கட்டத்தாள் பக்கம்.

வெளிநாடு போகிற யோகம் எங்களுக்கு வந்தது தனத்தின் அக்கா வசந்தாவால். ஆறு வருடத்துக்கு முன் பினாங்கில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவள் கணவர், அதாவது என் சகலை, அங்கே ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறார். எத்தனையோ வேண்டுதலுக்குப் பிறகு வசந்தா அப்போதுதான் உண்டாகியிருந்தாள், மூன்றாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும். தாய்வீடு வாலாஜாபாத்தில். சகலைக்குக் கடையில் விடுப்புக் கிடைக்காது. தனியாகக் கப்பலேறி வர வசந்தாவுக்குத் துணிச்சல் இல்லை. அரிசி ஆலையை விட்டு என் மாமனார் நகர முடியாது. "மாப்பிள்ளையும் தனமும் போய்க் கூட்டிக்கினு வரட்டும்" என்று மாமனார் சொன்ன நிமிடத்திலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. செலவில் பாதி சகலையுடையது, மீதி எங்கள் சீட்டுப் பணம்.

கூட்டி வருவதென்றால் கப்பலேறிப் போய்க் கப்பலேறித் திரும்பினால் போதும். எனக்கோ இருபத்து நான்கு வயது, காஞ்சிபுரத்தைத் தாண்டி நான் பார்த்த மிகத் தொலைவான ஊர் திருப்பதி. போவதுதான் போகிறோம், சுற்றிக்கொண்டு போனால் என்ன? ராமேசுவரம் வழியாக இலங்கை, கொழும்பில் கப்பலேறிச் சிங்கப்பூர், அங்கிருந்து ரயிலில் மலேசியா, கடைசியாகப் பினாங்கு, அங்கே வசந்தாவை அழைத்துக்கொண்டு நேராகச் சென்னைக்குக் கப்பல். சிங்கப்பூர் தனி நாடாகி ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. எனக்காகவே ஒரு நாட்டைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தது போல எனக்குச் சந்தோஷம்.

ஒரு கட்டம் ஒரு நாள். இலங்கைக்குப் பச்சை, சிங்கப்பூருக்குச் சிவப்பு, மலேசியாவுக்கு மஞ்சள், நடுவில் கடலுக்கு நீலம். கப்பல் தேதிகள் ஏஜெண்டுக்குத்தான் தெரியும் என்பதால் தேதி எதுவும் எழுதவில்லை. எங்கள் தெருவில் இந்தத் தாளைப் பார்க்காதவர்கள் இல்லை. பார்த்தவர்களெல்லாம் கீழ்வரிசையில் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக மேலே ஏறி, "பினாங்கு வந்தாச்சுபா" என்று முடித்துத் தலையாட்டினார்கள். தனமும் அப்படித்தான் படித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த இந்த ஒரு வருடத்துக்குள் அந்தப் பழக்கம் அவளுக்கும் வந்திருந்தது.

லிங்கிச் செட்டித் தெருவில் கப்பல் டிக்கெட் வாங்கித் தரும் அலுவலகம் மாடியில் இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா தாளை வாங்கி விரித்துப் பார்த்து அசந்துபோனார்.

"இருபது வருஷமா இந்த வேலைல இருக்கேன் சார். இவ்ளோ அழகா யாருமே கேட்டதில்ல" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாஸ்போர்ட்டில் மூன்று நாட்டின் பெயரையும் எழுதி வாங்க வேண்டும், அம்மை ஊசி போட்ட சான்று வேண்டும், தங்குமிடத்துக்கு உறவினர் கடிதம் வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்லத் தனம் பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள். வசந்தாவின் டிக்கெட்டைச் சகலை அங்கேயே எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதனால் அவளைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

வெளியே வந்ததும் துறைமுகத்துக்கு நடந்தோம். காவலர் உள்ளே விடவில்லை. வேலி இடுக்கு வழியாக ஒரு கப்பலின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஆளுக்கு ஓர் இளநீர் குடித்தோம்.

மாசி மாதத்தில் டிக்கெட் தயார் என்று கார்டு வந்தது. மறுபடியும் ஆறரை மணி பஸ். போகும்போதே தனம் கொழும்பில் வாங்க வேண்டிய சாமான்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் நின்றிருந்த வாத்தியார் ஒருவர், சிலோனில் தேயிலை மலிவு என்று தகவல் கொடுத்தார். உற்சாகத்துக்குக் குறைவே இல்லை.

குமாஸ்தா டிக்கெட்டுகளை மேசைமேல் அடுக்கினார். முதலில் சென்னை – பினாங்கு, பங்குனியில் கப்பல். அடுத்தது பினாங்குக் கரையிலிருந்து சிங்கப்பூருக்கு ரயில். பிறகு சிங்கப்பூர் – கொழும்புக் கப்பல். கடைசியில் கொழும்பிலிருந்து ராமேசுவரம் வழியாகச் சென்னை.

"இன்னா சார் இது, எல்லாமே தலைகீழா இருக்குது?" என்று கத்திவிட்டேன். அலுவலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அவர் நிதானமாக என் தாளை எடுத்து விரித்தார். மேல்வரிசையில் விரலை வைத்துக் கீழே இறங்கினார். கப்பல், பினாங்கு, ரயில், சிங்கப்பூர், கப்பல், கொழும்பு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாங்கள் போட்டது சுற்றி வருகிற வழி; எந்த முனையிலிருந்து கிளம்பினாலும் பொருந்தும்.

"கீழேருந்து படிக்கணும் சார்" என்றேன்.

"எதை சார் கீழேருந்து படிப்பாங்க?"

"புடவை அப்டித்தானே நெய்வோம்? முதல் வரி கீழேதான் இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். ஒரு தெருவே சரிபார்த்த திட்டம் இது. அந்தத் தெருவில் மேலிருந்து படிக்கிறவன் ஒருவன்கூட இல்லாமல் போனது என் தலையெழுத்து.

"மாத்திக் குடுங்க. நாங்க போறதே எங்க அக்காவைக் கடைசியா கூட்டிக்கினு வர்றதுக்குத்தான். அவங்க முழுகாம இருக்காங்க" என்றாள் தனம்.

"அப்டியா? உங்க கணக்குப்படி பினாங்குல கப்பல் ஏறும்போது எத்தனை மாசம் இருக்கும்மா?"

தனம் விரல் விட்டு எண்ணினாள். இடையில் ஒவ்வொரு கப்பலுக்கும் காத்திருக்கும் நாட்களைச் சேர்த்தால் ஆனி பிறந்துவிடும்.

"எட்டு."

"எட்டாம் மாசத்துல கப்பல்ல ஏத்த மாட்டாங்கம்மா. டாக்டர் பார்த்துட்டு இறக்கி விட்டுடுவாரு. வீட்ல யாரும் சொல்லலியா?"

யார் சொல்வது? எங்கள் வீட்டில் கப்பலைப் பார்த்தவர்களே இல்லை. என் திட்டப்படி போயிருந்தால் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் வசந்தாவைத் துறைமுகத்தில் அழவிட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்பியிருப்போம். அந்த ஆள் மேலிருந்து கீழே படித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எதற்கென்று தெரியாமலே அவரும் குலுக்கினார்.

"இப்ப இருக்கிற டிக்கெட்டுல போனா?" என்று தனம் கேட்டாள்.

"போய்ச் சேரும்போது அஞ்சாம் மாசம். அவங்களை அங்க விட்டுட்டு நீங்க சிங்கப்பூர், கொழும்புன்னு போவ முடியாது. ஒண்ணு, இதையெல்லாம் ரத்து பண்ணிட்டு, அவங்களைக் கூட்டிக்கினு அதே கப்பல் கம்பெனியில திரும்பிடுங்க. இல்லன்னா..."

"இல்லன்னா, அக்காவும் எங்ககூடச் சுத்தணும்" என்று தனம் முடித்தாள்.

நேராக வாலாஜாபாத்தில் போய் இறங்கினோம். மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"புள்ளத்தாச்சிப் பொண்ணை மூணு தேசம் இஸ்துக்கினு அலைவீங்களா? ஊர் பார்க்குற ஆசை இருந்தா நீங்க ரெண்டு பேரும் இன்னொரு தபா போங்க. என் பொண்ணு நேரா வீட்டுக்கு வரணும்."

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. எனக்கு வாய் திறக்க வெட்கமாகவும் இருந்தது. என் ஆசைக்காக அவளை அலைக்கழிப்பதாகத்தானே தோன்றும்? சரி, எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுகிறேன் என்றே சொல்லிவிட்டேன். தனம்தான் விடவில்லை. அம்மாவை அந்த ஊர் லேடி டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஐந்து, ஆறாம் மாதங்களில் உடம்பு நன்றாக இருந்தால் பயணம் செய்யலாம், மூட்டை தூக்கக் கூடாது, வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மாமியார் பாதி இறங்கி வந்தார்.

"எல்லாரும் பேசறீங்களே, போறவ அவ. அவளைக் கேளுங்க" என்றார் மாமனார்.

விமானத் தபாலில் கேட்டு எழுதினோம். பதில் வருவதற்குள் டிக்கெட்டை ரத்து செய்யும் கெடு நெருங்கிவிட்டது. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே நெசவு வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும். ஒருநாள் கடிதம் வந்தது. டாக்டரிடம் காட்டிவிட்டதாகச் சகலை இரண்டு வரி எழுதியிருந்தார். அடியில் வசந்தாவின் கையெழுத்தில் ஒரே ஒரு கேள்வி: சிங்கப்பூருக்கு எந்தப் புடவை கட்டிக்கொண்டு வரட்டும்?

பங்குனியில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினோம். இந்தத் தடவை காவலர் எங்களை உள்ளே விட்டார். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்கும் வகுப்புதான் எங்களுக்கு. நாகப்பட்டினத்தில் நின்று இன்னும் நிறையப் பேரை ஏற்றிக்கொண்டது. இரண்டு நாள் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தேன். தனம் கல்லுக்குண்டாட்டம் நடமாடி, பக்கத்துப் பாய்க்காரர்களிடமிருந்து எலுமிச்சை ஊறுகாய் வாங்கிவந்து என் நாக்கில் தடவினாள். மூன்றாம் நாள் எழுந்து பார்த்தேன். நாலா பக்கமும் தண்ணீர். எங்கள் பாலாற்றில் வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலைத்தான் பார்ப்போம். ஒரு குழாயடிச் சண்டைக்குக்கூட இடமில்லாத அளவு தண்ணீரைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

வாசகர்களைக் கவலையில் வைக்க எனக்கு இஷ்டமில்லை. முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். வைகாசியில் மூவரும் பத்திரமாக வாலாஜாபாத் வந்து சேர்ந்தோம். ஏழாம் மாதத்தில் வசந்தாவுக்கு வளையல் அடுக்கினார்கள். ஆவணியில் சுகப்பிரசவம். சிங்கப்பூரின் மாடிக் கட்டடங்களையும் கொழும்பின் கடைத்தெருவையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது பினாங்கை விட்டுக் கிளம்பிய அந்தக் காலை நேரத்துக்காக.

பினாங்கு தீவு. சிங்கப்பூர் ரயிலைப் பிடிக்கப் படகில் அக்கரைக்குப் போக வேண்டும், கால் மணி நேரம் இருக்கும். சகலை எங்களை ஏற்றிவிட்டுக் கரையில் நின்று, படகு நகர்ந்த பிறகும் மருந்து வேளைகளைக் கூவிக்கொண்டிருந்தார். வசந்தா மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அவளுக்கு ஊர் பழக்கமாயிற்றே என்று நான் வழியெல்லாம் அவளிடமே விசாரித்துக்கொண்டு வந்தேன். அந்த மலைக்குப் பெயர் என்ன, அந்தக் கப்பல் எந்த நாட்டுடையது என்று. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னா தெரியும் தம்பி? வந்து இறங்கின நாள்லேருந்து அந்தக் கடை மாடி வீடும் மாரியம்மன் கோயிலும்தான். இந்தப் படகுல இன்னிக்குத்தான் ஏறுறேன். நான் வெளிநாட்டுல இருக்கேன்னு நீங்கள்லாம் சொல்லிக்கினு இருந்தீங்க. எனக்கு இப்பதான் வெளிநாடு" என்றாள்.

தனம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அலுப்பா இருந்தா சொல்லுக்கா. இப்பவே திரும்பிடலாம். அடுத்த கப்பல்ல நேரா அம்மா கிட்ட போயிடலாம்."

வசந்தா வாயைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கை வயிற்றுக்குப் போயிற்று. எனக்கு உயிரே போய்விட்டது. மாமியாருக்கு என்ன பதில் சொல்வேன்?

"என்னக்கா? வலிக்குதா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். தனத்தின் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்துக்கொண்டாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"அசையுதுடி. இத்தனை நாளா ஒண்ணுமே தெரியல. இப்பதான், படகு கிளம்பினப்புறம்தான் அசையுது."

அக்காளும் தங்கையும் அந்தக் கடற்காற்றில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். படகிலிருந்த சீனத்துக் கிழவி ஒருத்தி விஷயம் புரிந்து, கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து வசந்தாவிடம் நீட்டினாள். திரும்பிப் போவதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அக்கரையில் எங்கள் ரயில் புகைவிட்டுக்கொண்டு நின்றிருந்தது.