நான்கு மணித் தண்ணீர்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியே என் காலம் போனது. நரம்பு செல்களுக்கு நடுவே உள்ள சின்ன இடைவெளியைப் போர்டில் வரைந்து, ஒரு செல் விடும் ரசாயனத்தை அடுத்த செல் வாங்கிக்கொள்ளும் என்பேன். அதே தடத்தில் அது திரும்பத் திரும்ப நடந்தால் அந்த இணைப்பு வலுப்பட்டுவிடும் என்றும் அரை மார்க் விடாமல் சொல்லிக்கொடுத்தேன். என் வீட்டிலேயே அது நடந்தபோது எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரருக்குக் கைநடுக்கம் வந்தது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் குறைந்துவிட்டது, அதைக் கூட்டணும் என்று தருமபுரி டாக்டர் மாத்திரை எழுதினார். டோஸ் ஏற ஏற நடுக்கம் அடங்கியது. ஆனால் மொரப்பூரில் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வர ஆரம்பித்தார். சாயங்காலம் நான்கு மணிக்கு, வாசல் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், பேசாமல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று வீட்டுக்காரர் சொன்னார். என் கண்ணுக்கு நாற்காலி மட்டும்தான் தெரிந்தது.

எல்லாம் மாத்திரை செய்யும் வேலை என்று எடுத்துச் சொன்னேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"வூட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி தரணும்னு கூடவா உனக்குத் தெரியாது?"

எங்கள் பக்கத்தில் யார் படியேறினாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், அப்புறம்தான் என்ன ஏதென்று விசாரிப்பது. நான் அசையாததால் தானே எழுந்து போய் விழப் பார்த்தார். வேறு வழியில்லாமல் காலி நாற்காலிக்கு முன் சொம்பை வைத்தேன். அவர் முகம் தெளிந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அன்றே டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். அடுத்த செக்கப்புக்கு இரண்டு மாதம்தானே என்று இருந்துவிட்டேன், அத்தனை நாளும் தண்ணீர் வைத்தேன். நீட்டிய காலில் இடிக்காமல் சுற்றிப் போகவும் பழகிக்கொண்டேன்.

டாக்டர் என்னைத் திட்டிவிட்டு டோஸைக் குறைத்தார். பத்து நாளில் வந்தவர் நின்றுபோனார். வீட்டுக்காரர் அசடு வழியச் சிரித்தார். நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள் சொம்போடு வந்த என்னை அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

"யாருக்குத் தண்ணி?"

மணி நான்கு. நாற்காலிக்கு முன்னால் இருந்த வெறும் தரையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றிருந்தேன். தினமும் கிடைத்த அந்த அப்பாடா என் தலைக்குள்ளும் தடம் போட்டுவிட்டது. அவருக்கு மாத்திரையைக் குறைத்தார்கள், எனக்கு எதைக் குறைப்பார்கள்? பயந்துபோனேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். "அவரு போயிட்டாரு. அந்தச் சேர்ல நீ உக்காரு."

உட்காரப் போனேன். "கொஞ்சம் எந்திரிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.