ஜெபம் பண்ணிக் குடித்த விஸ்கி

ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட் விஸ்கியில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். தீவுப் பக்கத்துச் சரக்கு. புகை வாசனையும் டிஞ்சர் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறுமே, அதுதான். என் வீட்டுக்காரருக்கு அது ஆகாது. தேன் வாசனை வருகிற சாதுவான சரக்குதான் அவருக்கு. ஷெர்ரி ஒயின் பீப்பாயில் ஊறி, உலர்ந்த திராட்சை போல மணப்பதும் நல்லதுதான், கிறிஸ்துமஸ் கேக்கைக் குடிப்பது மாதிரி இருக்கும். ஆனால் நான் சித்தூரில் நர்ஸாக இருந்தவள். கார்பாலிக் நெடியிலேயே பாதி ஆயுசு போனது. புகைச் சரக்கை மோந்தால் வார்டுக்குள் நுழைந்த மாதிரி ஒரு தெம்பு வரும். சிரிக்காதீர்கள், அவரவர் மூக்கு அவரவருக்கு.

நான் முதலில் ருசித்ததும் அதைத்தான். எழுபதுகளின் கடைசி. சர்ச் கமிட்டியில் இருந்த என் வீட்டுக்காரர் அதுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. மாமனார் சாராயத்திலேயே போய்ச் சேர்ந்தவர். அவர் போனபோது என் கொழுந்தன் கைக்குழந்தை, அண்ணன்தான் தூக்கி வளர்த்தார். கப்பலில் என்ஜின் வேலைக்குப் போன அந்தத் தம்பி, முதல் லீவில் வாயில் விஸ்கி வாசனையோடு வந்து இறங்கினான். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று துரத்திவிட்டார். அதற்குப் பிறகு லீவு வந்தால் திருப்பதியில், மொட்டை போட வருகிறவர்களுக்கு நடுவே ஒரு லாட்ஜில் தங்கி, ஆஸ்பத்திரி வாசலில் என்னை மட்டும் பார்த்துவிட்டுப் போவான். அண்ணன்காரரோ ரேடியோவில் புயல் என்று சொன்னால் போதும், சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா! ஆனால் வாயைத் திறந்து தம்பியைக் கூப்பிட மாட்டார். இரண்டு பேர் மேலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் கொழுந்தன் நிற்கிறான், கையில் ஒரு பாட்டிலோடு.

"அண்ணி, எங்க கப்பல் புயல்ல மாட்டிக்கினு முழுகப் பாத்துச்சு. கரை சேந்தப்ப கேப்டன் இத குடுத்தாரு. ஊட்டுக்குப் போய் உன் மனுசங்களோட குடின்னாரு. எனக்கு அண்ணன உட்டா யாரு கீறாங்க? இன்னைக்கும் போடான்னா, இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாட்டில வெளிய போட்டுட்டு வரச் சொல்லு" என்றார் என்னிடம்.

"அது வரலன்னா நானும் வரல, அண்ணி."

எனக்கு வந்ததே கோபம்! பாட்டிலைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் மேசைமேல் டம்மென்று வைத்தேன். பக்கத்தில் மூன்று எவர்சில்வர் டம்ளர்.

"இந்த ஊட்ல ஜெபம் பண்ணாம எதுவும் தொண்டைல எறங்காது. இதுக்கும் பண்ணுங்க. வாயில ஜெபம் வந்தா குடிப்போம். வரலன்னா அவன் பாட்டில எடுத்துக்கினு போவட்டும். டேய், எனக்கும் ஊத்து!"

சோறு ஆறிப்போகும் வரை ஜெபிக்கிற மனுஷர் அவர். அன்று கண்ணை மூடிக்கொண்டு நின்றார், நின்றார், பேச்சே வரவில்லை. கொழுந்தனின் கை மெல்லப் பாட்டில் பக்கம் போனது. அப்போதுதான் ஆரம்பித்தார்.

"கர்த்தாவே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும்…" நிறுத்தினார். "இது ஆகாரம் இல்ல. உமக்கே தெரியும். எங்க நைனாவ வாரிக்கினு போனது இந்தக் குடிதான். இவனயும் வாரிக்கினு போய்டுமோன்னுதான் தொரத்தினேன். கோவத்துல இல்ல ஆண்டவரே, பயத்துல. கடல்லருந்து இவன உசுரோட கொண்டாந்து உட்டீரே… ஸ்தோத்திரம்."

ஆமென் சொல்ல வேண்டிய நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

பிறகு குடித்தோம். தண்ணீர் கலக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் வந்தது, ஆனால் அந்த வாசனை! "அய்யோ, நல்லா கீதே!" என்றேன். வீட்டுக்காரர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "பினாயில் மாதிரி கீது" என்று முகத்தைச் சுளித்தார். கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை ஊற்றக் கையை நீட்டினான்.

வீட்டுக்காரர் பாட்டிலை எடுத்தார். மூடியை அழுத்தி மூடி, தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"மிச்சம் அடுத்த லீவுக்குடா. வந்து குடி."