கந்தசஷ்டியும் ஐந்தாம் திருத்தமும்

சுவிஸின் டீட்டிகோனில் பெட்டி அடுக்கும் நான், காணொளிகள் பார்த்தே அமெரிக்க அரசியல் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன். கந்தசஷ்டி விரதம் பிடித்துக்கொண்டிருந்தேன்; கடைசி நாள் சூரன்போரில் முருகனைத் தோளில் சுமக்கும் பெருமையும் எனக்கே கிடைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து என் மனைவி கஜலக்சுமி, என் குளிர் ஜாக்கெட் பையிலிருந்து மட்டன் ரோல்ஸ் சுற்றிய எண்ணெய்க் கடதாசியை எடுத்தாள்.

“தேடுதல் ஆணை இல்லாமல் சோதிக்கேலாது,” என்றேன்.

“திண்டனீங்களோ இல்லையோ?”

“எனக்கெதிரா நானே சாட்சி சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில அது ஐந்தாம் திருத்தம்.”

“அங்க பேச்சுச் சுதந்திரமும் இருக்கோ?”

“ஓம், அது முதலாம் திருத்தம்!” என்று உற்சாகமாக விளக்கினேன்.

“நல்லது,” என்றவள் கோயில் தலைவருக்குப் போன் எடுக்கத் தொடங்கினாள்.

எல்லா உரிமைகளையும் அக்கணமே துறந்து, “ரெண்டு ரோல்ஸ்,” என்றேன்.

போனை வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: “முருகனை விடுங்கோ. சூரனைத் தூக்குங்கோ.”

தூக்கினேன். மேல்முறையீட்டுக்கு எந்தத் திருத்தமும் இல்லை.