கோமதி மேடத்தின் கலப்புச் செல்கள்

ஹட் பே துறைமுகத்திலிருந்து வந்த கப்பல் போர்ட் பிளேரை நெருங்கியபோதுதான் போனில் சிக்னல் கிடைத்தது. கோமதி மேடம் காலையில் மாரடைப்பால் இறந்துவிட்டதாக ஆய்வகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. அவருக்காக எடுத்துவந்த ரத்த மாதிரிகள் ஒரு பெட்டியில் என் மடியில் இருந்தன. அன்றே செல்களைப் பிரித்தெடுக்காவிட்டால் வீணாகிவிடும். என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியோடு அதே ஊரில் டாலிகஞ்சில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் பெட்டியைப் பார்த்தார்.

"இங்க நின்னு என்ன பண்ணப்போறீங்க தம்பி? முதல்ல லேபுக்குப் போங்க."

மேடத்தின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கிளம்பினேன்.

மேடம் நிலையாக உட்கார்ந்து தேநீர் குடித்ததில்லை என்பது இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவருடன் வேலை செய்த உங்களுக்குத் தெரியும். செய்த வேலை அப்படி. எலிக்காய்ச்சலிலிருந்து மீண்டவரின் ரத்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியைச் செய்யும் செல்கள் இருக்கும். வெளியே எடுத்தால் சில நாட்களில் செத்துவிடும். ஓயாமல் பெருகும் வேறொரு மனிதச் செல்லோடு அவற்றை இணைத்தால் கலப்புச் செல் கிடைக்கும். அது தானும் பெருகும், ஆன்டிபாடியும் செய்யும். ஆனால் ஆன்டிபாடி செய்வதை எப்போது நிறுத்தும் என்று சொல்ல முடியாது.

ஒருமுறை அப்படியொன்று கிடைத்தது. நாங்கள் இனிப்பு வாங்கிவந்தோம். மேடம் தொடவில்லை. "இன்னைக்குச் செய்யுது. அவ்வளவுதான் தெரியும்," என்றார். சில வாரங்களில் ஆன்டிபாடி நின்றுபோனது. செல் மட்டும் வெறுமனே பெருகிக்கொண்டிருந்தது.

அடுத்த கப்பலில் மேடம் ஹட் பே கிளம்பினார். அந்தச் செல்லுக்கு ரத்தம் கொடுத்த பெரியசாமி அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். போனில் சொல்லிவிடலாமே என்றேன். கொடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். பெரியசாமி கேட்டுக்கொண்டு சிரித்தார்.

"கோயி பாத் நஹீ மேடம், பரவாயில்ல. உங்க டப்பாவுல நின்னா என்ன, எனக்குள்ள ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? இன்னொரு தரம் எடுத்துக்கங்க."

இணைக்க வேண்டிய செல்கள் தயாரானதும் மறுபடி ரத்தம் எடுத்துவர மேடம் என்னை ஹட் பேக்கு அனுப்பினார். அவர் இறந்த அன்று அந்த ரத்தத்தோடுதான் நான் திரும்பிக்கொண்டிருந்தேன். அன்று மாலை, அவர் செய்வதை அருகில் நின்று பார்த்தே பழகியிருந்த நான், முதன்முறையாகத் தனியாகச் செல்களை இணைத்தேன்.

இப்போது செல் வளர்ப்புத் தட்டின் ஒரு குழியில் ஆன்டிபாடி தெரிகிறது. போன வாரம் பெரியசாமியை நேரில் பார்த்து, மேடம் போனதையும் செல் பிழைத்ததையும் சொன்னேன். மேடம் இதைப் பார்த்தாரா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன்.

எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். இதுவும் எப்போது நின்றுவிடுமோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்தைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தத் தவிப்புதான். அதை யாரும் ஆற்ற வேண்டாம்.