ஒண்ணாப்பு டீச்சர்

பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார். டீச்சர் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

"சார், மேல இருந்து ரெண்டாவது பொத்தான். எங்கே, சரியா போடுங்க பாப்போம்."

அலுவலகம் போகிற பெரிய மனிதர் அவர். முறைக்கத்தான் நினைத்தார், ஆனால் கை தானாகப் பொத்தானுக்குப் போய்விட்டது. சரி செய்து முடித்ததும் டீச்சர் "வெரி குட்" என்றார். மனிதருக்கு முகமெல்லாம் பல்.

இத்தனை வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுத்ததில் டீச்சருக்கு உலகத்தில் எல்லாருக்குமே ஆறு வயதுதான். காய்கறிக் கடைக்காரர் தராசைக் கொஞ்சம் சாய்த்தால், "கண்ணா, டீச்சரைப் பாத்துச் சொல்லு, எடை சரியா?" என்பார். வீட்டுக்காரர் ஸ்கூட்டர் மெக்கானிக். சாப்பிட உட்காரும்முன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டியாக வேண்டும். "கல்யாணம் ஆகி இவ்ளோ வருஷமாச்சு, இன்னும் எனக்கு ரெண்டாப்புக்குப் பாஸ் போடல" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். டீச்சரின் குரலோ வெண்கலம். பள்ளிக்கூடத்தில் பாட்டு தொடங்கினால் தெருமுனை டீக்கடையில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள்.

ஆசிரியர் சங்கத்தில் வெறும் சந்தா உறுப்பினர்தான். கூட்டத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து வண்ண அட்டையில் யானையும் மீனும் வெட்டிக்கொண்டிருப்பார். மேடையில் சங்கச் செயலாளர் பேசுவார். அவர் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிற ஒல்லி மனிதர். வாயைத் திறந்தாலே பத்திரிகைச் செய்திதான். காபி ஆறிப்போனால்கூட "வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்பாராம்.

அப்படி யானை வெட்டிக்கொண்டிருந்தவரை எழுந்து நிற்க வைத்தது ஓர் அரசு உத்தரவு. செலவைக் குறைக்க வேண்டுமாம். ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் விட வேண்டும். மிஞ்சுகிற ஆசிரியர்களுக்கு 'உபரி' என்று பெயர். எங்கே அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. சின்ன வகுப்புகளுக்கு இருந்த உதவியாளர்களும் வீட்டுக்குப் போகலாம்.

டீச்சரும் இரண்டு பக்கம் இரண்டு கரும்பலகை வைத்துச் சமாளித்துத்தான் பார்த்தார். இந்தப் பக்கம் எழுத்து, அந்தப் பக்கம் கழித்தல். ஒரு நாள் கழித்தல் கணக்கு முடித்துத் திரும்பினால், ஜன்னலோரப் பெண் குழந்தை ஈரப் பாவாடையோடு நின்றுகொண்டிருந்தது. வலது கை இன்னும் உயரத்தான் இருந்தது.

"கை தூக்கினேன் டீச்சர். நீங்க பாக்கல."

குழந்தையைக் கழுவிவிட்டு, வேறு உடை மாற்றிவிட்டு, மடியில் வைத்துச் சமாதானம் செய்தார். பள்ளி விட்டதும் நேரே சங்க அலுவலகத்துக்கு நடந்தார். செயலாளர், "வாங்க, அந்த உத்தரவை நாம வன்மையாக…" என்று ஆரம்பித்தார்.

"கண்டிச்சது போதும் சார். எப்ப ரோட்டுக்கு வர்றோம்? அதைச் சொல்லுங்க."

வேலை நிறுத்தத்துக்கு நாள் குறித்தார்கள். அன்று பள்ளிக்கு வராதவர்கள் வேலையில் இருக்கமாட்டார்கள் என்று மேலிடம் சுற்றறிக்கை விட்டது. வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "கடைக்கு வர்ற வரும்படி உனக்கே தெரியும். வேலை போச்சுன்னா என்ன பண்ணுவோம்?" என்றார்.

"தெரியலங்க. ஆனா அந்தப் பிள்ளை முகத்தைப் பாத்து என்னால பாடம் எடுக்க முடியல."

வேலை நிறுத்தத்தன்று காலை வீட்டுக்காரரே ஸ்கூட்டரைத் துடைத்து, டீச்சரைக் கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விட்டார். "பாத்து இரு" என்று மட்டும் சொன்னார்.

தெரு முழுக்கத் தலைகள்! ஆசிரியர்கள் இத்தனை பேரா என்று ஆசிரியர்களுக்கே ஆச்சரியம். ஆனால் கடைசி நேரத்தில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லையென்று கையை விரித்துவிட்டார்கள். செயலாளர் கத்திய கத்தல் மூன்று வரிசையைத் தாண்டவில்லை. பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. "செயலாளரைப் பிடிச்சிட்டாங்களாம்!" என்று எவரோ கிளப்பிவிட, கூட்டம் முன்னால் நெருக்கியது. வெளிக்கதவு குலுங்கியது. காவலர்கள் தடியைக் கையில் எடுத்தார்கள். கதவோடு சேர்ந்து நசுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அலறினார்கள்.

தண்ணீர் கேன் ஏற்றி வந்த வண்டியொன்று ஓரமாக நின்றது. டீச்சர் அதன்மேல் ஏறினார். என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. வகுப்பு கைமீறிப் போகும்போது என்ன செய்வாரோ அதைத்தான் செய்தார். கை தட்டினார். டப் டப். டப் டப் டப்.

வண்டியோரம் நின்றவர்கள் தங்களை அறியாமல் திருப்பித் தட்டினார்கள். டப் டப். டப் டப் டப். அடுத்த வரிசை தட்டியது. அதற்கடுத்த வரிசையும் தட்டியது. கைதட்டல் மழை நகர்வதுபோலத் தெருக்கோடிவரை போய் நின்றது. அதன் பின்னாலேயே அமைதியும் வந்தது. வரிசையில் நின்ற ஒரு பெண் காவலரும் தட்டிவிட்டு, சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எல்லாரும்… ஒரு அடி… பின்னாடி."

ஒவ்வொரு சொல்லையும் வரிசை வரிசையாகப் பின்னுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கூட்டம் ஒரே ஆள்போலப் பின்வாங்கியது. கதவோரப் பெண்கள் மூச்சு விட்டார்கள். டீச்சர் செயலாளரையும் மேலே இழுத்துவிட்டார். "நம்ம செயலாளர்… இங்கதான்… இருக்காரு. சார், கையக் காட்டுங்க." அவர் காட்டினார். தெருவே சிரித்தது.

சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. செயலாளரும் டீச்சரும் போனார்கள். நீள மேசைக்குப் பின்னால் கல்வி இயக்குநர். நிதி நிலைமை, விகிதம், சிக்கனம் என்று அடுக்கிக்கொண்டே போனார். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு செயலாளர் காதில் ஏதோ கிசுகிசுத்தார். இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். செயலாளர் உபரி ஆசிரியர்களைப் பற்றி, டீச்சர் ஜன்னலோரக் குழந்தையைப் பற்றி. இயக்குநர் இந்த முகத்தைப் பார்த்தார், அந்த முகத்தைப் பார்த்தார். கடைசியில் மேசையைத் தட்டினார்.

"ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க! ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா எனக்கு எப்படிப் புரியும்?"

"அதேதான் சார்" என்றார் டீச்சர். "எனக்கு அந்த ரூம்ல அம்பது பேர்."

இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். "அந்தக் குழந்தை அப்புறம் ஸ்கூலுக்கு வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு சார். ஆனா இப்பல்லாம் கை தூக்குறதில்ல."

அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். கதவுக்குப் பின்னால் தொலைபேசியில் அவர் குரல் தாழ்ந்தது, உயர்ந்தது, யாரிடமோ வாதாடியது. திரும்பி வந்தபோது நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இந்தக் கல்வியாண்டு வகுப்புகளைச் சேர்க்கிற உத்தரவு நிறுத்தம். போராட்டத்துக்கு வந்தவர்கள் யார்மீதும் நடவடிக்கை இல்லை. உதவியாளர்கள் விஷயம் மட்டும் அடுத்த பேச்சுவார்த்தையில். எழுத்திலேயே கொடுத்தார். செயலாளர் சந்தோஷத்தில் நாக்குக் குழறி, "வன்மையாக வரவேற்கிறோம்!" என்றார்.

படிக்கட்டில் இருவரையும் கண்டதும் கூட்டம் இரைந்தது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஆயிரம் குரல்கள். டீச்சர் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தார். இரைச்சல் அடங்கியது.

"உத்தரவை… நிறுத்தியாச்சு." விரல் மறுபடி உதட்டுக்குப் போனது. சொல் பின்னால் போய்ச் சேரும்வரை காத்திருந்தார். "ரெண்டு வகுப்பும்… தனித்தனி." காத்திருந்தார். "யார் வேலைக்கும்… ஆபத்தில்ல."

கடைசிச் சொல்லும் தெருக்கோடியைத் தொட்டது. ஆனால் யாரும் கத்தவில்லை. கண் நிறைந்து, வாய் மூடி, அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

"டீச்சர், விரல்" என்று செயலாளர் மெல்லச் சொன்னார்.

டீச்சர் தன் விரலைப் பார்த்தார். உதட்டிலிருந்து எடுத்தார். பிறகு இரண்டு கைகளையும் வானத்துக்கு வீசி, "ம்… கத்துங்க!" என்றார்.