மகள்ட வூடு

என் மனைவி நுஸ்ரா ஓர் இடத்தில் உட்கார்ந்து சோறு தின்று நான் கண்டது குறைவு. பீங்கானைக் கையில் ஏந்திக்கொண்டு குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தபடியே தின்பாள். நடுவில் ஏதாவது யோசனை வந்தால் பீங்கானை மேசையில் வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்துவிடுவாள். பிறகு அந்தச் சோற்றை யார் கவனிப்பது? ஈதான் கவனிக்கும்.

காத்தான்குடியில் அவளுக்குப் பெயர் ‘மறதி டொக்டர்’. அவள் மருந்து எழுதுகிற டொக்டர் இல்லை, மூளையை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள் என்று என் சாரக்கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். “அது சரி தம்பி, எங்கட மாமிக்கு என்ன குளிசை நல்லமெண்டு கேட்டுச் சொல்லுங்க” என்பார்கள். அவளிடம் இதைச் சொன்னால் சிரிக்க மாட்டாள். “அந்த மாமிக்கு எத்தின வயசு? பெயர் மறக்காவா, வழி மறக்காவா?” என்று என்னையே கேள்வி கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் இடுப்பில் கட்டுகிற சாரம் விற்கிறவன்.

புலமைப்பரிசில் கிடைத்து லண்டனுக்குப் போய்ப் படித்தவள் அவள். மறதி நோய் வந்தவர்களிடமிருந்து மொழி எப்படிக் கழன்று போகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பெயர்கள் முதலில் நழுவுமாம். ‘கத்தி’ என்று சொல்லிவந்தவர் ‘அந்த வெட்டுறது’ என்பாராம். பிறகு வெறும் ‘அது’ என்பாராம். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். புது மாப்பிள்ளையிடம் சொல்லத் தக்க கதையா இது? அன்றிலிருந்து திறப்பை எங்கே வைத்தேன் என்று யோசிக்கும்போதெல்லாம் ‘திறப்பு, திறப்பு’ என்று பெயரையும் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அங்கேயே நல்ல வேலை கிடைத்தும் அவள் திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு கோபம். மறதி நோயைக் கண்டுபிடிக்கக் கேட்கும் கேள்விகளை வேறெங்கோ தமிழாக்கி இங்கே கொண்டுவந்து பாவித்துக்கொண்டிருந்தார்கள். முதியவர்களுக்கு ‘நாற்காலி, சாவி’ என்று சொல்லிக் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். நம்முடைய ஆட்கள் ‘கதிரை, திறப்பு’ என்பார்கள். பிழை என்று புள்ளியைக் குறைத்துவிடுவார்கள். “சாமான ஞாபகம் வெச்சிரிக்காங்க, வார்த்தயத்தானே மாத்தினாங்க! இதுக்குப் போய் நோயாளியெண்டு எழுதினா?” என்று அவள் சண்டைக்கு நின்றாள். சித்தாண்டி, ஏறாவூர், தேற்றாத்தீவு என்று மட்டக்களப்பு வாவிக்கரை நெடுக வீடு வீடாக ஏறி இறங்கிப் புதிய கேள்விகள் தயாரித்தாள். காலில் சக்கரம் கட்டியவள் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதில் பிழையில்லை.

அந்த அலைச்சலில் அவளுக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு கேள்வி. ‘நீங்கள் இப்போது இருப்பது யாருடைய வீடு?’ என்று பழைய தாளில் இருந்தது. என் வீடு என்றால் சரி, வேறு எது சொன்னாலும் பிழை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தகப்பன் பாடுபட்டுக் கட்டுவார், மகளின் கல்யாணத்தோடு அது மகளுடையதாகிவிடும், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று வேறு ஊரில் கேலி செய்வார்கள். இங்கே எல்லாரும் அப்படித்தான் என்பதால் கேலி செய்ய ஆளில்லை. ஆகவே இந்தக் கேள்விக்குக் கிழவர்கள் எல்லாரும் “பொஞ்சாதிட வூடு”, “மகள்ட வூடு” என்று உண்மையைச் சொன்னார்கள், புள்ளியை இழந்தார்கள். நுஸ்ரா இதைப் பற்றி எழுதிய கட்டுரை பெரிய இடங்களிலெல்லாம் வாசிக்கப்பட்டது. ‘இது என் வீடில்லை’ என்று ஒரு மட்டக்களப்பு ஆண் சொன்னால் அதை நோயின் அறிகுறியாக எடுக்கக்கூடாது என்பது அவள் நிலைநாட்டிய விஷயம். எனக்கும் பெருமைதான். நானும் இந்த வீட்டில் வந்து குடியிருப்பவன்தானே!

இந்த வீட்டைக் கட்டியவர் அவளுடைய வாப்பா, அப்துல் மஜீத் மாமா. மரக்காலை வைத்துப் பலகை விற்றவர். மூத்த மகள்மார் இருவருக்கும் வீடு கட்டிக் கொடுத்த பிறகு, நுஸ்ரா லண்டனில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆத்தங்கரைப் பக்கம் இதைக் கட்டினார். மாமி மௌத்தாகி அடக்கம் செய்த பிறகும் எங்களோடுதான் இருக்கிறார். சின்ன மகள் என்றால் உயிர். “புள்ள, நீ தின்னாம ஓடாத” என்று கதவுவரைக்கும் பின்னால் வருவார். அவள் அதற்குள் வாசல் படலையைத் தாண்டியிருப்பாள்.

மாமா “நான் வூட்டுக்குப் போறன்” என்று சொல்ல ஆரம்பித்தது எப்போது என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. ஏனென்றால் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். “உங்களுக்கு எங்க வாப்பா வூடு? மூணையும் குடுத்துட்டீங்களே!” என்பாள் நுஸ்ரா. “நாம ரெண்டு பேரும் இவட வூட்டுல குடியிருக்கிற ஆக்கள்தான் மாமா” என்பேன் நான். அவரும் சிரிப்பார். ஊரில் எந்த ஆணும் பகிடிக்குச் சொல்கிற வார்த்தைதானே இது.

ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. காலையில் மாமா நல்ல மனுசன். பேப்பர் வாசிப்பார், என் கடைக் கணக்கில் பிழை பிடிப்பார். பின்னேரம் அஸர் தொழுது வந்ததும் ஆள் மாறிவிடுவார். விறாந்தையில் நடப்பார், சன்னலைத் திறப்பார், பூட்டுவார், தொப்பியைப் போட்டுக்கொண்டு படலையடியில் நிற்பார். நுஸ்ரா அந்த நேரம் ஏதோ ஓர் ஊரில், யாரோ ஒரு வாப்பாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாள். ஊருக்கெல்லாம் அவளிடம் நேரம் இருந்தது. எனக்கு அவள்மேல் எரிச்சல் வரத்தொடங்கியது, அதை மறைக்க விரும்பவில்லை.

ஒருநாள் மாமா மூத்த மகள் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். “அதுவும் மகள்ட வூடுதானே, போனா என்ன?” என்றாள் நுஸ்ரா. இன்னொருநாள் சாரத்தை உள்வெளி மாற்றி உடுத்தியிருந்தார். “வயசு” என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு விடை வைத்திருந்தாள். அவளுடைய கட்டுரை எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து குந்திக்கொண்டு மாமாவுக்காக வாதாடியது.

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் ஓட்டோக்காரர் ஒருவர் மாமாவைக் கொண்டுவந்து இறக்கினார். கல்லடிப் பாலத்தடியில் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஆளைத் தெரிந்தபடியால் ஏற்றிவந்தாராம். அன்று அதிசயமாக நுஸ்ரா வீட்டில் இருந்தாள். ஓட்டோ போன பிறகு நான் வாயைத் திறந்தேன்.

“நாளைக்கே டொக்டரிட்டக் காட்டுவம்.”

“என்னத்துக்கு?”

“நீ படிச்சவ, உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சபடியாத்தான் சொல்றன்!” அவள் குரல் உயர்ந்தது. “இந்த வூட்டுப் பேச்சக் கேட்டு எத்தின பேர நோயாளியெண்டு முத்திர குத்தினாங்க தெரியுமா? இப்ப நீங்க என்ட வாப்பாவுக்குக் குத்தப் போறீங்களா?”

“நான் குத்தல்ல. ஒருக்காக் காட்டிப் பாப்பமெண்டுதான் சொல்றன்.”

“வாங்க. உங்கட கண்ணுக்கு முன்னாலயே கேட்டுக் காட்டுறன்.”

மாமா விறாந்தைக் கதிரையில் தொப்பியோடு இருந்தார், எழும்புகிற மாதிரி. நுஸ்ரா முன்னால் போய் நின்று, ஆராய்ச்சிக் குரலில், தெளிவாகக் கேட்டாள்.

“வாப்பா, இது யார்ட வூடு?”

“மகள்ட வூடு,” என்றார் மாமா, ஒரு கணமும் யோசிக்காமல்.

நுஸ்ரா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் வெற்றி இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வென்றவளுக்கு இன்னும் கொஞ்சம் வெல்ல ஆசை.

“எந்த மகள்ட வூடு?”

“சின்னவட. நுஸ்ராட வூடு.”

“கேட்டீங்களா?” என்றாள் என்னிடம்.

மாமா இன்னும் முடிக்கவில்லை. “அவ லண்டனில படிக்கிறா. இன்னும் வந்து சேரல்ல. பஸ்சால எறங்கிறாவெண்டு ஒவ்வொரு நாளும் போய்ப் பாக்கன், காணல்ல. வந்தா வூட்டக் கையில குடுத்துட்டு நான் போயிருவன்.” பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெளி ஆளிடம் பேசும் மரியாதையோடு கேட்டார். “நீங்க அவவோட படிச்ச புள்ளயா? இரிங்களன், ஏன் நிக்கிறீங்க?”

பிறந்த நாளிலிருந்து அவளை ‘நீ’ என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது.

நான் நுஸ்ராவின் தோளைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நோயாளியின் பேச்சைத் திருத்தாதீர்கள், அவர் நிற்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள் என்று எத்தனையோ வீடுகளில் எத்தனையோ மகள்மாருக்குச் சொன்னவள். அந்த மகள்மார் முகங்களெல்லாம் அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும். கதிரையை இழுத்து மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஓம்,” என்றாள். “நாங்க ஒண்டாப் படிச்சம்.”

மாமாவின் முகம் மலர்ந்தது. “அவ எப்ப வருவா? உங்களிட்ட ஏதும் சொன்னாவா?”

“வெளிக்கிட்டுட்டா,” என்றாள் நுஸ்ரா. “வந்துகொண்டிரிக்கா.”

மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“அப்ப நான் போகல்ல,” என்றார். “புள்ள வெறும் வூட்டுக்கு வந்து நிக்கப்படாது.”