வரைந்ததும் அச்சில் வந்ததும்

படம் வரைகிறவனிடம் குறை சொல்ல எல்லாருக்கும் கண் இருக்கிறது. அச்சடித்தும் கொடுக்கிறவன் என்றால் குறை இரட்டிப்பு. நான் ஒரு தமிழ் வார இதழுக்குக் கதைப்படம் போட்டபடியே மலேசியாவில், கோலா பிலா என்ற ஊரில் சின்ன அச்சுக்கடையும் நடத்துகிறேன். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புதிதாக இருக்காது.

இடமும் வலமும்

ஒரு கதைக்கு, ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டும் பெண்ணை வரைந்தேன். பட்டையில் வெட்டு எந்தப் பக்கம் சரியும் என்று தோட்டத்துக்கே போய்ப் பார்த்து வரைந்த படம். பக்கம் அமைத்தவர், அந்தப் பெண் கதையைப் பார்த்து நிற்கட்டுமே என்று படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார். வெட்டின் சரிவும் கூடவே திரும்பிவிட்டது.

மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த முனியம்மா அக்கா மேசையில் கிடந்த இதழைப் பிரித்தார். வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டியவர். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், "நல்லாத்தான் வரஞ்சிருக்கீங்க தம்பி. ஆனா இந்தப் பொண்ணுக்கு வெட்டத் தெரியாது லா. வேலை வாங்குற மண்டோர் பார்த்தா அன்னைக்கே வேலைய விட்டு நிறுத்திருவாரு" என்றார்.

ஒரு ஸ்குரு

திருவிழாவுக்கு அச்சடிக்கும் பனியன்களில் இரண்டாவது வண்ணம் எப்போதும் விலகியே விழும். பல மாதம் மண்டையை உடைத்து, பழைய கதவுக் கீல்களையும் சைக்கிள் டியூப்பையும் வைத்து ஒரு சட்டம் செய்தேன். வண்ணம் மயிரிழை பிசகாமல் விழுந்தது. மை விற்க வரும் சேகரிடம் பெருமையாகக் காட்டினேன். அவன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனான்.

மறு வருஷம் அதையே இரும்பில் செய்து, என்னிடமே விற்க வந்தான். அதை எங்கே பார்த்தோம் என்பதையே அவன் மறந்திருந்தான். கோபத்தைவிட எனக்கு வியப்புதான் அதிகம். துளையைத் தவறான இடத்தில் போட்டுவிட்டு, அதை மறைக்க நான் முடுக்கிய ஸ்குருகூட அதே இடத்தில் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாதுண்ணே. ஆனா அது இல்லாம செய்யக் கூடாதாம்."

யாரோ ஒருவர்

கெமாஸ் ஊரிலிருந்து விமலா என்ற மருத்துவமனைத் தாதி வந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தவர். இருந்த ஒரே புகைப்படமும் வெள்ளத்தில் போய்விட்டது. மகன் கல்யாணத்தில் மாலை போட்டு வைக்க அம்மாவின் படம் வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான்கு முறை வரைந்தேன். மூக்கு சரியானால் கண் தவறியது. கடைசியில் அவர் முகத்தையே பார்த்து, கொஞ்சம் இளமையாக்கி வரைந்து நீட்டினேன்.

படத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார். வேண்டாம் என்பார் என்றே நினைத்தேன்.

"இது அம்மா இல்லண்ணே. ஆனா அம்மாவ நல்லாத் தெரிஞ்ச யாரோ மாதிரி இருக்காங்க. இதையே குடுங்க."

எங்கள் கையெழுத்தைப் படத்தின் மூலையில் பொடியாகப் போடுவதை அடக்கம் என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலைப் பார்க்காதவர்கள்.